ஒகந்தையில் மகெல்லன் மேகம் பார்த்தேன், வேறு யாரும் கண்டிருக்கிறீர்களா?

திருக்கோவிலான்:
போன சிவராத்திரிக்குக் கிழக்கிலங்கைக் கரையோரத்து ஒகந்தை முருகன் கோயிலில் நின்றோம். யானை வரும் என்று தூரப்போக விடவில்லை. நானும் மச்சானும் பக்கத்துப் பாறையில் ஏறி நின்றோம். தெற்கே அகத்தியர் நட்சத்திரம் (Canopus) நல்ல உயரத்தில். அதற்குக் கீழே, கடலுக்கு மேலே, திருநீற்றை விரலால் இழுத்துவிட்டதுபோல ஒரு வெளுத்த திட்டு. மச்சான் முகில் என்றான். முகிலெல்லாம் காற்றோடு ஓடிக்கொண்டிருந்தன, இது நின்ற இடத்திலேயே நின்றது. பெரிய மகெல்லன் மேகம் அது. நம் பால்வீதியைச் சுற்றியுள்ள குள்ள விண்மீன் திரள்களில் பெரியது, 160,000 ஒளியாண்டு தூரம். வீட்டில் சொன்னால் "அப்படியா" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அந்தத் திட்டு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கல்லடி வாசி:
தம்பி, அது முகில்தான். மகெல்லன் மேகம் பார்க்க அவுஸ்திரேலியா, சிலி பக்கம் போகவேண்டும். கல்லடிக் கடற்கரையில் எத்தனையோ இரவு தெற்கே பார்த்து நின்றிருக்கிறேன், ஒன்றும் தெரிந்ததில்லை.

படுவான்கரை வாத்தியார்:
கல்லடி வாசி, கணக்கைப் பாருங்கள். அது வான நடுக்கோட்டுக்கு, அதாவது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் போகும் கோட்டுக்கு, 69 பாகை தெற்கே இருக்கிறது. மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு 7.7 பாகை வடக்கே. 90இலிருந்து இரண்டையும் கழித்தால் 13 பாகை மிஞ்சும், அடிவானத்திலிருந்து அது ஏறும் உயரம் அதுதான், கையை நீட்டி முட்டி பிடித்தால் அதைவிடக் கொஞ்சம் கூட. கல்லடியில் தெற்கே பார்த்தால் காத்தான்குடி வெளிச்சம்தான் முன்னுக்கு நிற்கும். அப்புறம், நல்ல இருட்டில் முகில் கறுப்பாகத் தெரியும், வெளுப்பாக இல்லை.

எனக்கு மனதை அரிப்பது வேறு. 1987 பெப்ரவரியில் அந்தத் திரளுக்குள்தான் ஒரு நட்சத்திரம் வெடித்தது தெரிந்தது. 1604க்குப் பிறகு வெறுங்கண்ணுக்குத் தெரிந்த முதல் சுப்பர்நோவா. ஒளி வருவதற்குச் சில மணிநேரம் முன்பே ஜப்பானின் கமியோகாண்டே ஆய்வுகூடத் தண்ணீர்த் தொட்டியில், அந்த வெடிப்பிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பதிவாகின. அப்போது எங்கள் ஊரில் மின்சாரமே இல்லை, வானம் கரிபோல் இருக்கும். மார்ச் மாதம் அப்பாவோடு வாவியில் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தேன், தெற்குப் பக்கம் பார்த்தபடி. யாராவது ஒருவர் சொல்லியிருந்தால்! 2024இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த வெடிப்பின் நடுவில், வெடித்த நட்சத்திரத்தின் மிஞ்சிய அடர்ந்த கருவான நியூட்ரோன் நட்சத்திரம் இருப்பதற்கான தடயம் கண்டது என்று வாசித்தபோது பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன்.

அக்கரைப்பற்று கமரா:
நானும் பாணமைக் கடற்கரையில் கண்டேன், படத்திலும் விழுந்தது. பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெப்ரவரி அமாவாசையை ஒட்டிப் போங்கள், மழையும் குறைந்திருக்கும். இரவு 7.30க்கும் 9க்கும் இடையில்தான் அது உச்சத்தில் நிற்கும். மார்ச் என்றால் இருட்டியவுடனேயே பார்த்துவிடவேண்டும், பிந்தினால் சாய்ந்துவிடும். அரை மணிநேரம் போனைத் தொடவேண்டாம், கண் இருட்டுக்குப் பழகட்டும். ரோச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கள். திட்டை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கத்தில் பாருங்கள், அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். போனை ட்ரைபொட்டில் வைத்து 15 செக்கன் திறந்து விட்டால் போதும். கரையில் பெரிய விளக்குப் போட்டு வைக்காதீர்கள், முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சுகள் கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கிப் போய்விடும். தனியாகப் போகவே வேண்டாம், பாணமையிலும் யானை இருக்கிறது.

கல்லடி வாசி:
வாத்தியார், 13 பாகைக் கணக்கு சரி. திட்டு அதுதானா என்பது படம் பார்த்தால் தெரியும். கமரா, அகத்தியர் நட்சத்திரமும் சேர்ந்து விழுந்த படம் இருந்தால் போடுங்கள், வெட்டாமல்.