கையில் தழும்பு இருந்தால் பெரியம்மை வராதா?

பாளை வாத்தியார்:
"தீவிரவாதிகள் பெரியம்மைக் கிருமியைப் பரப்பினாலும் நமக்குப் பயமில்லை, எல்லார் கையிலும் தழும்பு இருக்கு" என்று நேற்று களக்காட்டான் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1980-க்குப் பிறகு பிறந்தவர்கள் கையில் இருப்பது காசநோய்க்குப் போட்ட பிசிஜி தழும்பு.

களக்காட்டான்:
என் கையில் இருப்பது அம்மை குத்தின தழும்புதான். எங்கம்மா சொன்னாள். அவளைவிட உமக்குத் தெரியுமோ?

பாளை வாத்தியார்:
நீர் பிறந்த வருஷத்தைச் சொல்லும் முதலில்.

களக்காட்டான்:
வயசு எதுக்குவே, பொண்ணு பார்க்கவா? தழும்பு தழும்புதான்.

பேட்டை அண்ணாச்சி:
அம்மை குத்தப் போனவன் சொல்கிறேன். கவட்டை முனை ஊசியில் மருந்தைத் தொட்டு ஒரே இடத்தில் 15 தடவை குத்துவோம். கொப்புளம் எழும்பி, பொருக்கு உதிர்ந்து, குழி விழும். அந்தத் தழும்புக்காரர்களுக்கே வருஷம் போகப் போகப் பாதுகாப்பு குறையும்.

சிவகிரி சிங்கம்:
நோய் ஒழிந்ததென்று 1980-லேயே அறிவித்தாயிற்று. கிருமி எங்கிருந்து வரும், முத்தாரம்மன் கோயில் வேப்பிலையிலிருந்தா?

பேட்டை அண்ணாச்சி:
கிண்டல் இருக்கட்டும் தம்பி. அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கொல்ட்சோவோவிலும் உள்ள ஆய்வகங்களில் கிருமியை இன்றும் வைத்திருக்கிறார்கள். 2014-ல் அமெரிக்காவில், பெதஸ்டாவில், மறந்துபோன பெரியம்மைக் கிருமிக் குப்பிகள் சில அகப்பட்டன. 1978-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பெரியம்மை ஆய்வகத்துக்கு மேல்மாடியில் வேலை பார்த்த புகைப்படக்காரப் பெண்மணி பெரியம்மையில்தான் செத்தார். நோயாளியோடு பழகியவர்களுக்கு 4 நாளுக்குள் மருந்து குத்தினால் பெரும்பாலும் தப்பலாம். அதற்கு முதலில் நோயை அடையாளம் காண வேண்டும். பெரியம்மை முத்து முகத்திலும் கைகாலிலும் அதிகம், உள்ளங்கையிலும் வரும், ஓரிடத்து முத்தெல்லாம் ஒரே பருவத்தில் நிற்கும். சின்னம்மை உடம்பில் அதிகம், ஒன்று காய ஒன்று கிளம்பும். இன்றைக்கு எத்தனை டாக்டர் பெரியம்மையைக் கண்ணால் பார்த்திருக்கிறார்?

களக்காட்டான்:
அண்ணாச்சி, தழும்பைப் பற்றிப் பேசுங்க. எனக்கு இடது கையில் இருக்கு.

பாளை வாத்தியார்:
பிசிஜியும் இடது கையில்தான் போடுவார்கள். பிறந்த வருஷம் இன்னும் வரவில்லை. போன மாசம் ரதவீதி ஆக்கிரமிப்பு விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்.

களக்காட்டான்:
நழுவினது நானா? உம்ம மச்சான் கடைப் படியைச் சொன்னதும் வாயை மூடினது யாருவே?

சிவகிரி சிங்கம்:
அந்தப் படி இன்னும் ரோட்டில்தான் கிடக்கு.

பேட்டை அண்ணாச்சி:
எத்தனை டாக்டர் பார்த்திருக்கிறார் என்று கேட்டேனே, ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

பாளை வாத்தியார்:
என் மச்சானை ஏன் இழுக்கிறீர்? அது பட்டா நிலம்வே!