பள்ளி முடிந்த பின் தோழமைக்கு வழி என்ன? – டவுன் சிண்ட்ரோம் உள்ள இளையோருக்கான விளையாட்டும் பொழுதுபோக்கும்

கேள்வி: கோவையிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 19 வயது. டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே இருக்கும், அறிவு வளர்ச்சியை மெதுவாக்கும் மரபணு நிலை) உள்ளவள். சிறப்புப் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. பேச்சுப் பயிற்சி, யோகா, கைவேலை என்று அவளுடைய நாள் நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் அவளோடு நேரம் செலவிடுகிற எல்லோரும் அவளுக்குக் கற்பிக்கிறவர்களாகவோ அவளைப் பார்த்துக்கொள்கிறவர்களாகவோ இருக்கிறார்களே தவிர, அவள் வயதுத் தோழி என்று ஒருத்தியும் இல்லை. ஒருநாள் விழாவாக முடிந்துவிடாமல், குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சமமாகப் பழகும் திட்டங்கள் உண்டா, அவை எப்படி நடக்கின்றன, நம் ஊரில் எங்கிருந்து தொடங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: சிறப்பு ஆசிரியர், சென்னை

அம்மா, நீங்கள் கேட்பதைப் போன்ற முயற்சிகள் உலகில் நெடுநாளாக நடந்து வருகின்றன. அமெரிக்காவின் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான விளையாட்டு அமைப்பான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸை 1968இல் தொடங்கினார். அவருடைய மகன் ஆந்தனி, 1987இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு ஒரு கல்லூரி மாணவர் என இணைத்து, அவர்கள் தொடர்ந்து பேசவும் சேர்ந்து வெளியே செல்லவும் வழிசெய்த 'பெஸ்ட் பட்டீஸ்' அமைப்பை உருவாக்கினார்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் 'யூனிஃபைட்' விளையாட்டு முறை. அதன் கூடைப்பந்து அணியில் களத்தில் நிற்கும் ஐந்து பேரில் மூவர் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், இருவர் குறைபாடு இல்லாத கூட்டாளிகள். வயதும் திறனும் ஏறத்தாழ ஒத்திருப்பவர்களையே சேர்க்க வேண்டும் என்பதால், அந்த இருவர் மட்டுமே பந்தை வைத்துக்கொண்டு ஆடிவிட்டு மற்றவர்களை வேடிக்கை பார்க்க வைக்க முடியாது. உதவி செய்ய வந்தவர் என்ற எண்ணம் அங்கே தானாகவே கரைந்துபோகிறது. தோற்றால் ஐவரும் சேர்ந்துதான் தோற்கிறார்கள். நம் நாட்டில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் இப்பணியைச் செய்கிறது. மகள் படித்த பள்ளியிலேயே, யூனிஃபைட் அணி இருக்கிறதா, பழைய மாணவர்கள் சேரலாமா என்று முதலில் விசாரியுங்கள்.

பதில்: ஒரு தந்தை, மதுரை

விளையாட்டில் சேர்ப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், சகோதரி. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் குறைபாட்டுடன் பிறக்கிறார்கள். தைராய்டு சுரப்புக் குறைவும் அதிகம் காணப்படும். சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளும் இணையும் இடம் தளர்வாக இருக்கும் என்பதால், குட்டிக்கரணம், நீரில் தலைகீழாகப் பாய்தல் போன்றவற்றை மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே செய்ய விட வேண்டும். கழுத்து வலி, நடையில் மாற்றம், கைகால் பலவீனம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இதற்கு அஞ்சி வீட்டிலேயே வைத்திருப்பதுதான் பெரிய தீங்கு. உடல் எடையும் தனிமையும் சேர்ந்தே கூடுகின்றன.

எங்கள் குடியிருப்பில் நாங்கள் எந்த அமைப்பையும் எதிர்பார்க்காமல், வாரத்தில் ஒரு குறிப்பிட்ட மாலையை இறகுப்பந்துக்கு என்று ஒதுக்கினோம். கிழமையையும் நேரத்தையும் மாற்றாமல் இருந்ததுதான் என் மகனுக்கு மிகவும் உதவியது. மதியத்திலிருந்தே மட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தயாராகிவிடுவான்.

பதில்: கல்லூரி மாணவி, திருச்சி

அம்மா, ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களுக்குச் சென்று பரிசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதையே எங்களில் பலரும் சேவை என்று நினைக்கிறோம். ஆகவே கல்லூரியில் கேட்கும்போது, தன்னார்வலர் வேண்டும் என்று கேட்காமல், நடனம், கேரம், திரைப்படம் என்று உங்கள் மகளுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லி, அதில் ஆர்வமுள்ள பெண்கள் வேண்டும் என்று கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பண்பாடு, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்பதை உரிமையாகவே வைத்திருக்கிறது என்பதையும் எடுத்துச் சொல்லலாம்.

வருகிறவர்கள் உங்களிடம் பேசாமல் அவளிடமே நேராகப் பேசட்டும். பதில் வரச் சற்று நேரமானாலும் காத்திருக்கட்டும். நீங்கள் அருகிலேயே இருந்தால் அவளுக்காக நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள், அதனால் பக்கத்து அறையில் இருங்கள். தட்டச்சு செய்வது அவளுக்குக் கடினமாக இருந்தால், வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை அனுப்பப் பழக்கலாம்.

கேள்வி கேட்ட தாய்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு கவலை மட்டும் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் அந்தப் பெண்கள் வேறு ஊருக்குப் போய்விட்டால், இவள் அதை எப்படித் தாங்குவாள்?

பதில்: சிறப்பு ஆசிரியர், சென்னை

அது நியாயமான கவலைதான். ஒருத்தியை மட்டும் நம்பியிராமல், மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுவாக அமையுங்கள். முதலாண்டு மாணவியும் இறுதியாண்டு மாணவியும் அதில் கலந்திருந்தால் ஒருவர் போகும்போது மற்றவர்கள் இருப்பார்கள். பிரிவு வரப்போவதை முன்கூட்டியே நாட்காட்டியில் காட்டிச் சொல்லி, விடைபெறும் நாளில் அவளையும் பங்கேற்க வையுங்கள். சொல்லாமல் மறைந்துபோவதுதான் அதிகம் காயப்படுத்தும். டவுன் சிண்ட்ரோம் உள்ள வேறு ஓர் இளம்பெண்ணையும் அதே குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பெண்கள் மாறிக்கொண்டே இருந்தாலும், அவர்கள் இருவரின் நட்பு நிலைத்திருக்க வாய்ப்பு உண்டு.