புதுப்பிப்பு: கல்குலேட்டர் இல்லாமல் 98 × 25
போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: தரம் 5 படிக்கிற மகளிடம், கொப்பி ஒன்று 98 ரூபா என்றால் 25 கொப்பி எவ்வளவு என்று கேட்டால் என்ர ஃபோனைத் தேடுகிறாள், புலமைப்பரிசில் பரீட்சையில் என்ன செய்வாளோ என்று.

இப்ப பரவாயில்லை. "கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று ஒருவர் எழுதியிருந்தார், அதுதான் கைகொடுத்தது. வெள்ளவத்தையில் 365 ரூபாவுக்கு மரக்கறி, கையில் 1000 ரூபாத் தாள். அவள் கழிக்கவே இல்லை. 5 போட்டால் 370, இன்னும் 30 போட்டால் 400, பிறகு 600. மிச்சம் 635. கடைக்காரர் கல்குலேட்டரைத் தட்டி முடிக்க முன்னம் சொல்லிவிட்டாள்.

கொப்பிக் கணக்கும் அதே மாதிரித்தான். நூறு நூறாக 2500, கூடப்போன இரண்டிரண்டு ரூபா 50, ஆக 2450.

அப்பப்பா ஒன்பதை விலக்கிச் சரிபார்க்கப் பழக்கினார், அதாவது ஓர் இலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டிக்கொண்டு போய், கணக்குக்கும் விடைக்கும் ஒரே இலக்கம் வருதா என்று பார்ப்பது: 98இன் இலக்கங்களைக் கூட்டினால் 17, அது 8, 25க்கு 7, பெருக்கினால் 56, அது 2. விடை 2450க்கும் 2. எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. 2540 என்று இடம் மாற்றி எழுதினாலும் 2 தானே வருது! ஒருநாள் அப்படியே எழுதி, தானே 'சரி'யும் போட்டு வைத்திருந்தாள்.

பின்னம் இன்னும் தகராறுதான்.