தாத்தாவின் சுங்கான்கள்: ஒவ்வொரு பொருளையும் எப்படித் துப்புரவு செய்வது?

கேள்வி: குடந்தை வாசகன்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது, பரணில் இருந்த தகரப் பெட்டியில் என் தாத்தா பயன்படுத்திய நான்கு சுங்கான்கள், அதாவது புகையிலை இட்டுப் புகைக்கும் குழாய்கள், கிடைத்தன. ஒன்று வேர்க்கட்டையில் கடைந்தது. அதன் கழுத்தில் வெள்ளிப் பூண் உள்ளது. இரண்டாவது வெண்கல் போன்றது, ஆனால் கல்லுக்குரிய கனம் இல்லை. அடிப்பாகம் மட்டும் தேன் நிறமாகக் கறைபட்டிருக்கிறது. மற்றவை சுட்ட களிமண்ணாலும் மக்காச்சோளத் தக்கையாலும் ஆனவை. எனக்குப் புகைக்கும் பழக்கம் இல்லை. அவர் கைபட்ட பொருள்கள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. மரச் சுங்கானின் கறுப்பு வாய்க்குழலை வெந்நீரில் கழுவினேன். அது பச்சை கலந்த பழுப்பாகிவிட்டது. மற்றவற்றைத் தொடவே தயக்கமாக இருக்கிறது. வழி கூறுங்கள்.

பதில் 1: தஞ்சைப் பேனா அன்பர்

ஐயா, அந்த வாய்க்குழல் எபொனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். பழைய எபொனைட் பேனாக்களைப் புதுப்பிக்கும்போது இதே நிறமாற்றத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன். வெயிலும் காற்றும் பட்டு மேற்பரப்பு ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். வெந்நீர் அதை வெளிக்காட்டிவிட்டது. நீரில் நனைக்கும் உப்புத்தாளில் 600இல் தொடங்கி 1000, 2000 என்று படிப்படியாகத் தேய்த்தால் கறுப்பு திரும்பும். மரத்துக்குள் நுழையும் முனையை மட்டும் தேய்க்காதீர்கள். அது சிறிது மெலிந்தாலும் பிடிப்பு தளர்ந்துவிடும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் சிக்குப் பிடித்து நாறும். வெள்ளிப் பூணை, குத்துவிளக்கைத் துடைப்பதுபோல், விபூதியும் மெல்லிய துணியும் கொண்டு துடைத்தாலே போதும்.

பதில் 2: நரசிங்கம்பேட்டை மரக்கடைசல்

வணக்கம். நாகசுரம் கடையும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் மரத்தைப் பற்றி மட்டும் கூறுகிறேன். நாங்கள் பழைய வீடுகளின் ஆச்சா மரத்தைத் தேடிப்போய் வாங்குவது, பல்லாண்டுகள் உலர்ந்த மரம் பிளக்காது, முறுக்காது என்பதற்காகத்தான். உங்கள் சுங்கான் மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் எரிகா என்ற புதரின் வேர்முண்டில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அதுவும் நன்கு உலர்த்தியே கடையப்படுகிறது. ஆகவே அதை நீரில் ஊறவைக்காதீர்கள்.

புகையிலை இடும் கிண்ணத்தின் உள்ளே படிந்திருக்கும் கரி முழுவதையும் சுரண்ட வேண்டியதில்லை. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். அதைவிடத் தடித்தால், சூட்டில் கரியும் மரமும் ஒரே அளவில் விரியாததால் கிண்ணம் வெடிக்கலாம். மிகுதியை மழுங்கிய கத்தியால் மெதுவாக எடுத்துவிட்டு, புகை செல்லும் துளையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சுத் திரியால், திரி வெளுப்பாக வரும் வரை துடையுங்கள். ஸ்பிரிட் வெளிப்புறத்தில் படக் கூடாது; அரக்கு மெருகு இருந்தால் கரைந்துவிடும். அருகில் நெருப்பும் இருக்கக் கூடாது.

குடந்தை வாசகன்

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த வெண்கல் சுங்கானின் தேன் நிறக் கறையை எலுமிச்சைச் சாற்றால் போக்கலாம் என்று வீட்டில் கூறுகிறார்கள். செய்யலாமா?

பதில் 3: தஞ்சைப் பேனா அன்பர்

தயவுசெய்து செய்யாதீர்கள். அது மீர்ஷாம். செபியோலைட் என்ற மக்னீசியக் கனிமமான இது, பெரும்பாலும் துருக்கியின் எஸ்கிஷெஹிர் வட்டாரத்தில் தோண்டி எடுக்கப்படுகிறது. நுண்துளைகள் நிறைந்த கல் என்பதால் புகையின் எண்ணெய்ச் சத்தை ஈர்த்து, மேலே பூசிய தேன்மெழுகோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் மெல்ல மஞ்சளாகி, பின் பழுப்பாகிறது. அந்த நிறத்துக்காகவே அதை விரும்பிச் சேர்ப்பவர்கள் உண்டு. உங்கள் தாத்தா எத்தனை மாலைகள் அதை ஏந்தி அமர்ந்திருந்தாரோ, அத்தனையும் அந்த நிறத்தில் இருக்கிறது, அதை அழித்துவிடாதீர்கள். மரத்துக்கு மாறாக, இதில் கரிப்படலம் சேரவே விடக் கூடாது. ஆனால் ஈரம் பட்டால் கல் மென்மையாகிவிடும். ஆகவே உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள்.

களிமண் சுங்கானில் வண்ணப் பூச்சு இல்லையென்றால், நன்கு உலரவைத்து, தணலில் சிறுகச் சிறுகச் சூடேற்றினால் உள்ளே ஊறிய தார் எரிந்து வெளுக்கும். சட்டென்று சூடேற்றினால் விரிசல் விடும். சோளத் தக்கையை உலர்ந்த திரியால் துடைத்தால் போதும்.

பதில் 4: நரசிங்கம்பேட்டை மரக்கடைசல்

ஒன்றை விட்டுவிட்டேன். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தில் பூஞ்சணம் எளிதில் ஏறும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றி வைத்து, மழை ஓய்ந்த நாள்களில் நிழலில் காற்றாடவிடுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டாம். அதன் வாடையை மீர்ஷாம் பிடித்துக்கொள்ளும்.