புதுப்பிப்பு: ஆறாம் வகுப்பில் கதை வட்டம்

திருப்பூர் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பனியன் கம்பெனி வேலைக்காக பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் யாரோடும் ஒட்டாமல் இருக்கிறான், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் கதை சொல்ல வைக்கச் சொன்னீர்கள். செய்து பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், பெஞ்சை ஒதுக்கிவிட்டுத் தரையில் வட்டம். சொந்தக் கதையைச் சொல்லு என்று யாரையும் கேட்பதில்லை. வாசிப்பு இயக்கத்தில் (அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான வாசிப்புத் திட்டம்) வந்த கதைப் புத்தகம் ஒன்றைப் பாதிவரை படித்துவிட்டு, "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று மட்டும் கேட்பேன். பேசப் பிடிக்காதவர்கள் அடுத்தவருக்கு விட்டுவிடலாம். இந்தச் சலுகை இல்லாமல் இது நடந்திருக்காது.

தொலைந்துபோன ஆட்டுக்குட்டி கதை வந்த அன்று அவன் வாய் திறந்தான். "அது ரயில்ல ஏறிடுச்சு டீச்சர். பாட்டி மட்டும் ஊர்ல." பாதி இந்தி, பாதி தமிழ். பக்கத்துப் பையன் உடனே, "எங்க பாட்டியும் தேனியிலதான்டா இருக்கு" என்றான். இப்போது இருவரும் சத்துணவுத் தட்டோடு ஒன்றாகத்தான் உட்காருகிறார்கள்.

ஒன்று மட்டும். ஒரு பிள்ளையின் கதையில் அடியும் பயமும் திரும்பத் திரும்ப வந்தால், வட்டத்தில் வைத்துக் கிளறாதீர்கள், தனியாகப் பேசுங்கள். ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம்.