ஆட்டோமேட்டிக் கியர் 3-லயே நிக்குது, டிசிஎம் (கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர்) மெமரி எரராம். அவசரம்!

சேலத்துக்காரன்: வண்டி 3-வது கியர்ல மாட்டிக்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாகுது, மறுநாள் காலைல திரும்ப வருது. ஸ்கேன் பண்ணவர் மெமரி எரர், டிசிஎம் புதுசு போடணும்ங்கறார். போடலாமா? நாளைக்குள்ள சொல்லணும்.

வயரிங்72: எந்த வண்டி, எத்தனை கியர், ஸ்கேன்ல வந்த எரர் கோடு என்ன? பேட்டரிக்கு வயசு என்ன?

சேலத்துக்காரன்: 6 கியர், டீசல். சீட்டுல பி0700னு இருக்கு.

கியர்பெட்டி: பி0700-ஐ வெச்சு டிசிஎம் வாங்கறவங்களை இங்கதான் பார்க்கறேன். "எங்கிட்ட கோளாறு இருக்கு, லைட்டைப் போடு"னு டிசிஎம் இன்ஜின் இசியூவுக்கு (இன்ஜின் கம்ப்யூட்டருக்கு) சொல்றது அது, அவ்வளவுதான். அடிப்படையைப் படிச்சுட்டு வாங்க தம்பி. டிசிஎம்முக்குள்ளயே போற ஸ்கேனர்ல பாருங்க. பி0601னா புரோகிராம் செக்சம் (புரோகிராம் கெடாம இருக்கான்னு பார்க்கற கூட்டல்) தப்பு, 0604 ரேம் கோளாறு, 0605 ரோம் கோளாறு. 0603னா கீப் அலைவ் மெமரி, சாவி ஆஃப்லயும் அழியாம இருக்கறது. அதுக்குப் பேட்டரியிலிருந்து நேரா வர்ற சப்ளை அறுந்தாலே போதும், டிசிஎம் நல்லாவே இருக்கும்.

சாலிடர்கை: காலைல குளிர்ல மட்டும் வருதுன்னா டிசிஎம் போர்டுல சாலிடர் விரிசல். ஹீட் கன்னால லேசா சூடு காட்டிப் பாருங்க.

வயரிங்72: அதுக்கு முன்னாடி சப்ளையைப் பாருங்க அண்ணே. காலைலதான் ஸ்டார்ட்டர் அதிகமா இழுக்கும். பேட்டரி ஓய்வுல 12.6 வோல்ட் இருக்கணும், கிராங்க் பண்றப்ப (ஸ்டார்ட்டர் சுத்தறப்ப) 9.6-க்குக் கீழ போகக் கூடாது. அடுத்து இக்னிஷன் ஆஃப், பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு டிசிஎம் கனெக்டரைப் பிரிங்க. நெகட்டிவைத் திரும்ப மாட்டி, நிரந்தர சப்ளை பின்னுக்கும் எர்த்துக்கும் நடுவுல 21 வாட் பல்பு போடுங்க. வெறும் மீட்டர் ஏமாத்தும்: வயர்ல ஒரே ஒரு இழை ஒட்டிட்டு இருந்தாலும் 12.4 காட்டும். அப்ப பல்பு போட்டா சிவப்பா மங்கலா எரியும். பல்பு எரியறப்பவே பேட்டரி பிளஸ்ல இருந்து அந்தப் பின் வரைக்கும் எவ்வளவு வோல்ட் குறையுதுன்னு (டிராப்) எடுங்க, 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் பக்கம் 0.1. பின்னை முன்னாடியிருந்து குத்தாதீங்க, விரிஞ்சிடும்.

ஏடிஎஃப்_ரவி: கனெக்டர்ல ஆயில் ஈரம் இருக்கான்னும் பாருங்க. வயர் இழை வழியா ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊறிப் போர்டு வரைக்கும் ஏறும். ஆயில் எப்ப மாத்தினீங்க?

கியர்பெட்டி: லைஃப்டைம் ஆயிலை ஏன் மாத்தணும்? மெமரி கோடுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

ஏடிஎஃப்_ரவி: கியர்பாக்ஸ் செய்யற இசட்எஃப் கம்பெனியே தன் கியர்பாக்ஸுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள்ள மாத்தச் சொல்லுது. அதுக்கப்புறம் என்ன லைஃப்டைம்?

கியர்பெட்டி: எல்லாப் பெட்டிக்கும் அதே கணக்கு கிடையாது. வண்டி மேனுவலைப் பாருங்க.

சாலிடர்கை: ஆயில் சண்டையைத் தனி த்ரெட்ல வெச்சுக்கலாமே. கோடு 0601ஆ இருந்து, அழிச்சதும் சாவி ஆன் பண்ண உடனே வந்தா ரீஃபிளாஷ் பண்ணி (டிசிஎம் புரோகிராமைத் திரும்ப ஏத்தி) பாருங்க. 13.5 வோல்ட்டை நிலையாத் தர்ற சப்போர்ட் யூனிட் கட்டாயம், சாதா சார்ஜர் வேணாம். பாதியில வோல்ட் விழுந்தா உயிரோட இருக்கற டிசிஎம்மும் போயிடும். அப்பவும் நிக்கலைன்னாத்தான் புதுசு. செகண்ட் ஹேண்ட் போட்டா பெரும்பாலும் கோடிங் (உங்க வண்டிக்கு ஏத்த மாதிரி செட் பண்றது) வேணும்.

சேலத்துக்காரன்: 0603தான். பல்பு மங்கலா எரிஞ்சுது. ஃபியூஸ் பாக்ஸ்ல அந்த ஃபியூஸோட கிளிப் பச்சை பூத்து லூஸா இருந்துச்சு, மாத்தியாச்சு. 4 நாளா வரலை. நன்றி எல்லாருக்கும்.

வயரிங்72: ரொம்ப சந்தோஷம். அடாப்டேஷன் ரீலேர்ன் (கியர் மாத்தற விதத்தை டிசிஎம் திரும்பக் கத்துக்க வைக்கறது) பண்ணீங்களா? ஆயில் சூடானப்புறம் 2-3 மாறறப்ப இடிக்குதா?