பிளாக் டைம்: 'நிலையிடை நேரம்' எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

விமானப் பயணச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில், இரு நகரங்களுக்கிடையிலான வான்வழித் தொலைவுக்கு, அதாவது புவிப்பரப்பின் வளைவையொட்டிய மிகக் குறுகிய வழியின் நீளத்துக்கு, 'பெருவட்டத் தொலைவு' என்பதை ஏற்பதில் எவருக்கும் தடையிராது. சிக்கல் நேரத்தைக் குறிப்பதில்தான் இருக்கிறது. விமானம் ஒரு நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறு நிறுத்துமிடத்தில் நிற்பது வரை ஆகும் நேரமே 'பிளாக் டைம்'. அதற்கு உறுப்பினர்களிடையே முன்வைக்கப்பட்ட 'பயண நேரம்' பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

வேலூரில் இருப்பவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடிக் கொல்கத்தாவிலிருந்து வரும் குடும்பம் சென்னை வரை கடக்கும் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 1,390 கி.மீ.; மணிக்கு 800 கி.மீ. வேகம் என்று வகுத்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். விமான அட்டவணையோ இரண்டே கால் மணிக்கும் கூடுதலாகக் காட்டுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வது, மேலேறுவது, தரையிறங்க முறை வரும்வரை சுற்றுவது, இறங்கியபின் நிறுத்துமிடம் சேர்வது ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். அதன் பின்னும் மீனம்பாக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா வழியாக 130 கி.மீ. அளவுக்குச் சாலை இருக்கிறது. அக்குடும்பத்துக்கு அதுவும் சேர்ந்ததே பயண நேரம். அச்சொல்லை அவர்களிடமிருந்து நாம் பறிக்கக் கூடாது.

சக்கரம் தரையை விட்டெழுவது முதல் மீண்டும் தொடுவது வரை 'பறப்பு நேரம்' எனலாம். விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்குவது முதல் மறு நிறுத்துமிடத்தில் முற்றாக நிற்பது வரை உள்ளதற்கு 'நிலையிடை நேரம்' என்பதை முன்மொழிகிறேன். தேர் நிலையை விட்டுப் பெயர்ந்து நிலைக்கு வந்து சேர்ந்தது என்று நம் ஊர்களில் இன்றும் சொல்கிறோம். அந்த 'நிலை'தான் இது. நிலை என்பது தன்மையையும் குறிக்குமே என்ற மறுப்பு எழலாம். 'இடை' சேர்ந்ததும் இடப்பொருளே முன்நிற்பதால் மயக்கம் வராது.

தொலைவை வேகத்தால் வகுத்துக் கிடைப்பதை மட்டும் 'மதிப்பீட்டு நேரம்' என்று தனியே பிரிக்க வேண்டும். காற்றின் பங்கை அந்த வகுத்தல் அறியாது. 2016இல் ஏர் இந்தியா தன் டெல்லி - சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது தொலைவு ஏறத்தாழ 1,400 கி.மீ. கூடியது, ஆயினும், மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வளிக் காற்று (ஜெட் ஸ்ட்ரீம்) பின்னிருந்து தள்ளியதால் நேரம் குறைந்தது. பெருவட்டத் தொலைவை மட்டும் வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. ஆகவே விமானம் உண்மையில் கடந்த வழியின் நீளத்தைக் குறிக்கப் 'பறந்த தொலைவு' என்ற சொல்லும் நம் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

'நிலையிடை நேரம்' ஏற்கப்பட்டால், நிற்கும் விமானத்தின் சக்கரத்தடியில் வைக்கும் 'பிளாக்' என்னும் கட்டைக்கு லாரி ஓட்டுநர்கள் வழங்கும் 'கட்டை'யையே கொள்ளலாமா, 'சக்கரக்கட்டை' என விரிக்கலாமா என்பதையும் உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.